ரேடியோ கேட்கும் நான்கு இலக்கங்கள்

பழைய காரின் பேட்டரியை மாற்றியவர்களுள் பலர் இதைக் கண்டிருப்பர். புதிய பேட்டரி பொருத்தப்பட்டுவிட்டது. இன்ஜின் முதல் முயற்சியிலேயே ஓடத் தொடங்குகிறது. விளக்கு, ஹாரன், வைப்பர் யாவும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ரேடியோவிலிருந்து மட்டும் ஒலி எழுவதில்லை. அதன் சிறு திரையில் 'கோட்' என்றோ 'சேஃப்' என்றோ ஒரு சொல் தோன்றுகிறது. நான்கு இலக்கங்களுக்காக அது காத்து நிற்கிறது. காரின் உரிமையாளரை அவருடைய காருக்குள்ளேயே நிறுத்தி, நீர் யார் என்று கேட்கிறது அந்தக் கருவி.

சிறிய செய்திதானே, இதற்கு வங்கி இதழில் இடம் எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். கார் வாங்கக் கடன் தருவதும், கடன் தீரும்வரை அதன் ஆவணங்களைக் கவனித்து வருவதும் நம் அன்றாட அலுவல். மேலும், இரகசிய எண்களோடு நாள்தோறும் பழகும் தொழில் நம்முடையது. ஓர் எண் யாரைத் தடுக்க வேண்டும், யாரைத் தடுக்கக் கூடாது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அதனால் நமக்கு வாய்த்திருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு பார்க்கும்போது, ரேடியோவின் பாதுகாப்பு எண் காரோடு சேர்த்து விற்கப்பட்ட பொருள் என்றும், சாவியைப் போலவே அதுவும் வாங்கியவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்றும் நாம் கருதுகிறோம். நடைமுறையில் அது பெரும்பாலும் வந்து சேர்வதில்லை.

இந்த எண் தோன்றிய கதையைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆண்டு 1930. ஐரோப்பாவில் புளோபங்க்ட் ரேடியோ 1932இல் வந்தது. அக்காலத்தில் கார் ரேடியோ செல்வர்களின் உடைமை. அதைக் கழற்றுவதும் எளிதன்று. பிற்காலத்தில் டேஷ்போர்டில் ரேடியோ அமரும் இடத்துக்குப் பொது அளவு ஒன்று வகுக்கப்பட்டது: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். முதலில் ஜெர்மானியத் தரமாகவும் பின்னர் உலகத் தரமாகவும் அது நிலைபெற்றது. எந்த நிறுவனத்தின் ரேடியோவையும் எந்தக் காரிலும் பொருத்தலாம் என்பது வாங்குவோருக்குப் பெரிய வசதி. திருடனுக்கும் அதே வசதி கிடைத்தது. ஒரு காரிலிருந்து உருவியது வேறு எந்தக் காருக்கும் பொருந்துமென்றால், திருட்டுப் பொருளுக்குச் சந்தை தானாக அமைந்துவிடுகிறது.

1980களில் மேலை நாட்டு நகரங்களில் கார்க் கண்ணாடியை உடைத்து ரேடியோவைக் கொண்டுபோவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. நியூயார்க் நகரில் கார் வைத்திருந்தோர் 'இக்காரில் ரேடியோ இல்லை' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினர். சிலர் ரேடியோவையே பெட்டிபோல உருவிக் கையில் எடுத்துச் சென்றனர். நம் நாட்டில் அதன் மறுவடிவத்தைப் பலரும் கண்டிருக்கிறோம். முகப்பு மட்டும் கழன்று வரும் ஸ்டீரியோவை வாங்கி, திருமணத்துக்கோ திரைப்படத்துக்கோ போகும்போது அந்த முகப்பைச் சிறு பிளாஸ்டிக் உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர்கள் நம் நண்பர்களுள்ளும் இருந்தனர். சட்டைப் பை தொங்குவதைக் கொண்டே காரில் ஸ்டீரியோ இருப்பதை ஊகித்துவிடலாம்.

கார் நிறுவனங்கள் கண்ட வழி இதனினும் நயமானது. ரேடியோவுக்குச் செல்லும் மின்கம்பிகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் தருவது. மற்றொன்று சாவி வீட்டில் இருந்தாலும் இரவும் பகலும் 12 வோல்ட் மின்சாரம் தந்துகொண்டிருப்பது. நாம் பதிந்து வைத்த நிலையங்களையும் கடிகாரத்தையும் காப்பது இந்த இரண்டாவது கம்பியே. அது ஒருமுறை துண்டிக்கப்பட்டால், தன்னை யாரோ காரிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று ரேடியோ கொள்கிறது. மீண்டும் மின்சாரம் வந்ததும், தொழிற்சாலையில் தன் நினைவகச் சில்லில் எழுதப்பட்ட எண்ணைக் கேட்கிறது. மின்சாரம் இல்லாவிடினும் அந்தச் சில்லில் எழுதியது அழியாது. திருடன் பிடுங்கினாலும் மெக்கானிக் பேட்டரி முனையைக் கழற்றினாலும் ரேடியோவுக்கு இரண்டும் ஒன்றே. வேறுபடுத்தி அறிய அதற்கு வழியில்லை.

நான்கு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒருநாள் கிடைத்துவிடுமே என்று தோன்றும். அதற்கும் தடை வைத்திருக்கிறார்கள். பழைய ஃபோக்ஸ்வாகன் ரேடியோக்கள் பலவற்றில் இரண்டு முறை தவறாகப் போட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் ரேடியோவை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். மணிக்கு இரண்டு முயற்சி வீதம் 10,000 எண்களையும் போட்டு முடிக்க 5,000 மணி நேரம், அதாவது இரவு பகல் ஓயாமல் 208 நாள்கள் ஆகும். ஹோண்டா கார்கள் பலவற்றின் கையேடு பத்து முயற்சிகளை அனுமதித்து, அதன்பின் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. ஏ.டி.எம்.மில் மூன்று முறை தவறான பின் எண்ணை அழுத்தினால் அட்டை அன்றைக்கு முடங்கிப்போவதும் இதே கணக்கில்தான். குறைந்த இலக்கங்களைக் கொண்டு வலுவான பூட்டைச் செய்ய வேண்டுமானால், முயற்சிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதே வழி. இந்த அளவில் கார் நிறுவனங்களின் ஏற்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் இந்தப் பூட்டில் ஒரு விந்தை உண்டு. எண்ணை மறந்துபோன உரிமையாளருக்கு அதை மீட்டுத் தர நிறுவனங்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஆகவே ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதைக் கொண்டு பாதுகாப்பு எண்ணைக் கண்டறியும்படி செய்தார்கள். அந்த வரிசை எண் பெரும்பாலும் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது? ரேடியோ பெட்டியின் பக்கவாட்டில், டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் பகுதியில். காரின் உரிமையாளர் அதைப் படிக்க வேண்டுமானால் தனிக் கருவிகளைக் கொண்டு ரேடியோவை வெளியே இழுக்க வேண்டும். ரேடியோவைத் திருடியவனுக்கோ அந்தத் தொல்லை இல்லை. பெட்டி ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது, வரிசை எண் கண்ணெதிரே இருக்கிறது. ரெனோ கார்களின் ரேடியோக்கள் பலவற்றில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் கொண்ட முன்குறியீடு அப்படி ஒட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து பாதுகாப்பு எண்ணைக் கணக்கிடும் முறை வெளியே கசிந்து பல ஆண்டுகளாகின்றன. இன்று அது தெருவோர ஸ்டீரியோ கடைக்காரருக்கும் தெரிந்த கணக்கு.

பூட்டின் அமைப்பு முழுவதும் பகைவனுக்குத் தெரிந்திருந்தாலும், திறவுகோல் ஒன்று மட்டும் தெரியாதவரை பூட்டு நிலைக்க வேண்டும் என்று அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் 1883ஆம் ஆண்டிலேயே எழுதினார். இராணுவச் செய்திகளை மறைகுறியாக்குவது பற்றி அவர் எழுதியது அது. வங்கித் துறையின் மின்னணுப் பாதுகாப்பு இன்றும் அந்த நெறியைத்தான் பின்பற்றுகிறது. ரேடியோ செய்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. கணக்கிடும் முறை இரகசியமாக இருக்கும்வரை பூட்டும் இருந்தது. முறை வெளிப்பட்டதும் பூட்டு போயிற்று. அதன்பிறகும் அந்தப் பூட்டு ஒருவரை மட்டும் தவறாமல் தடுத்து வருகிறது. அவர் காரின் உரிமையாளர்.

நம் கிளைக்கு வந்த ஒருவரின் நிலையைச் சொன்னால் இது விளங்கும். புனேயில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். ஏழு ஆண்டு ஓடிய கார் ஒன்றை நம் வங்கியின் கடனுதவியோடு வாங்கினார். வாங்கிய இரண்டாம் வாரத்தில் பேட்டரி உயிரை விட்டது, மாற்றினார், ரேடியோ எண்ணைக் கேட்டது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, அப்படி ஓர் எண் இருப்பதையே அறியேன் என்றார் அவர். சர்வீஸ் சென்டருக்குச் சென்றபோது, காரின் பதிவுச் சான்றும் அடையாள அட்டையும் கேட்டார்கள். பெயர் மாற்றம் இன்னும் முடியாததால் சான்றில் இருந்தது பழைய உரிமையாளரின் பெயர். எண்ணைத் தர மறுத்துவிட்டார்கள். பெயர் மாறிய பிறகும், எண்ணைக் கண்டறிந்து பதிவதற்குக் கட்டணம் உண்டு என்றார்கள்.

மறுத்தவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். உரிமைச் சான்று இல்லாதவருக்கு எண்ணைக் கொடுப்பார்களானால் பூட்டு எதற்கு? வேறொருவர் பெயரிலுள்ள பாஸ்புத்தகத்தோடு வந்து பணம் கேட்பவருக்கு நம் கவுன்ட்டரிலும் அதே விடைதான் கிடைக்கும். நம்மை உறுத்திய செய்தி வேறு. சில வாரங்கள் கழித்து, பழைய உரிமையாளர் வீட்டு மேசை இழுப்பறையில் அந்த அட்டை கிடைத்தது. கார் வாங்கிய நாளில் விற்பனையகம் தந்த உறையில், பிரிக்கப்படாத இரண்டு விளம்பரத் தாள்களுக்கு நடுவே, நான்கு இலக்கங்கள் அச்சிட்ட சிறிய அட்டை. ஏழாண்டுக் காலம் யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. ஆசிரியருக்கு நேர்ந்த அலைச்சல் முழுவதும் ஓர் இழுப்பறையைத் திறந்திருந்தால் தீர்ந்திருக்கும்.

கார் கைமாறும்போது எவற்றையெல்லாம் கேட்டு வாங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பம். காரின் மீது கடன் இருந்திருந்தால் ஹைப்பாதிகேஷன் நீக்கத்துக்குப் படிவம் 35. வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வதானால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. காப்பீட்டுப் பத்திரம், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, இரண்டு சாவிகள். இரண்டாவது சாவியைப் பற்றி வாங்குபவர்கள் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள்! கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ரேடியோ எண்ணை எவரும் கேட்பதில்லை. விற்பவருக்கும் நினைவு வருவதில்லை. இடையே நிற்கும் தரகருக்கு அது அக்கறையுள்ள செய்தியே அன்று.

வங்கி லாக்கரை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். லாக்கரைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று வாடிக்கையாளரிடம், மற்றொன்று வங்கியிடம். வாடிக்கையாளரின் சாவிக்கு மறுபடி ஒன்றை வங்கி வைத்திருப்பதில்லை. அந்தச் சாவி தொலைந்தால் வாடிக்கையாளர் முன்னிலையில் பூட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டும். செலவும் சிரமமும் உண்டு; ஆயினும் சாவி யாருடையது என்பதில் ஐயம் எழுவதில்லை. கார் ரேடியோவில் நிலைமை தலைகீழ். நிறுவனத்தின் பதிவேட்டில் எண் இருக்கிறது, பணம் கொடுத்து வாங்கியவரிடம் இல்லை. தேவைப்படும்போது அவர் மீண்டும் போய்க் கேட்க வேண்டும். சில இடங்களில் மீண்டும் பணமும் தர வேண்டும். அமெரிக்காவில் ஹோண்டா நிறுவனம் காரின் அடையாள எண்ணையும் ரேடியோவின் வரிசை எண்ணையும் தெரிவிக்கும் உரிமையாளருக்கு இணையவழியே கட்டணமின்றி இந்த எண்ணைத் தருகிறது. அங்கே இயலுவது இங்கே ஏன் எல்லா நிறுவனங்களுக்கும் இயலாது என்பது நம் கேள்வி.

நிறுவனமே நாட்டை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு இந்தியாவில் ஷெவர்லே கார் விற்பனையை நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. பழுதுபார்ப்புச் சேவை தொடரும் என்று இரு நிறுவனங்களும் உறுதியளித்தன. இருப்பினும், முகவர்கள் குறைந்துபோன ஊரில் பழைய காரை வைத்திருப்பவர் நான்கு இலக்கங்களுக்காக அடுத்த நகரம்வரை செல்ல நேரலாம். கடன் கணக்கில் அந்தக் கார் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை ஓட்டுபவரும் நம் வாடிக்கையாளராகவே இருக்கிறார்.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு ஏற்கெனவே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிற்கால ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் ரேடியோ, காரின் வேகமானி இருக்கும் கருவிப் பலகையோடு ஓர் அடையாளத்தைப் பகிர்ந்துகொள்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அதே கார் என்பதை அறிந்துகொண்டு பேசாமல் பாடத் தொடங்குகிறது. வேறு காரில் வைத்தால்தான் எண்ணைக் கேட்கும். யு.பி.ஐ. செயலி நம் கைப்பேசியையும் அதிலுள்ள சிம்மையும் அடையாளம் கண்டுகொள்வது இதைப் போன்றதே. ஒரே கைப்பேசியில் நாள்தோறும் பின் எண் போதும்; புதிய கைப்பேசிக்கு மாறினால் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். அந்நியனை நிறுத்தி உரிமையாளரை வழிவிடும் பூட்டு என்பது இது. இப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்த பின், உரிமையாளரையே நிறுத்தும் பூட்டுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் சலுகை காட்ட வேண்டியதில்லை.

இதே முறை எல்லை மீறும்போது வேறொரு தொல்லை வருகிறது. சில உயர்விலைக் கார்களில், திரை, ஒலிபெருக்கி முதலான பாகங்கள் நிறுவனத்தின் கணினியோடு இணைந்து ஒப்புதல் பெற்றாலன்றி வேலை செய்வதில்லை. நாணயமாகத் தொழில் செய்யும் வெளி மெக்கானிக்கிடம் காரை விட்டால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. இன்று அந்தத் திரை வெறும் பாட்டுப் பெட்டியாகவும் இல்லை. பின்புறக் கேமராவும் வழிகாட்டும் வரைபடமும் அதில்தான் தெரிகின்றன. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களையும் அதன் வரம்பில் சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. ரேடியோ எண் போன்ற சிறு திறவுகோல்களையும் அந்த உரிமையின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்பது நம் நிலை. தாம் வாங்கிய பொருளைத் தாம் விரும்பும் பழுதுபார்ப்பாளரிடம் கொடுக்க இயலாதவரை, அதன் முழு உரிமையாளர் என்று எப்படிச் சொல்வது?

இனி, காரை வைத்திருப்போர் உடனடியாகச் செய்யக்கூடியவை சில. பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே அட்டையைத் தேடுவது நலம்; கழற்றிய பிறகு தேடுவது பதற்றம். கையேடு வைத்துள்ள உறையில் இருக்கலாம். டேஷ்போர்டுப் பெட்டியின் உட்புறத்திலோ கையேட்டின் கடைசிப் பக்கத்திலோ சிறு ஒட்டுத்தாளாகவும் இருக்கலாம். ஹோண்டா கார்கள் பலவற்றில், ரேடியோவின் 1, 6 ஆகிய பொத்தான்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரேடியோவை இயக்கினால் வரிசை எண் திரையிலேயே தோன்றும். பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. பழகிய பேட்டரி மெக்கானிக்குகள் சிலர், பழையதைக் கழற்றும் நேரத்தில் வேறொரு சிறு பேட்டரியை இணைத்து மின்சாரம் அறுபடாமல் காப்பார்கள். கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் ஆபத்து என்பதால் அது அவர்கள் கைக்கே உரிய வேலை. எண் தெரியாதபோது ஊகித்து அழுத்திப் பார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சில ரேடியோக்கள் பல முறை தவறினால் அடியோடு பூட்டிக்கொள்ளும். பிறகு சரியான எண்ணும் பயன்படாது.

கிடைத்த எண்ணை எழுதி வைக்கலாமா? எழுதித்தான் வைக்க வேண்டும். பின் எண்ணை எங்கும் எழுதாதீர்கள் என்று அறிவிப்புப் பலகை வைக்கும் வங்கியா இப்படிச் சொல்கிறது என்று வியக்க வேண்டாம். வாரத்துக்கு மூன்று முறை பயன்படும் எண் நினைவில் நிற்கும்; அதை எழுதி வைத்தால் பிறர் கையில் சிக்கும் ஆபத்துதான் மிஞ்சும். நான்காண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும்போது மட்டும் தேவைப்படும் எண் எவர் நினைவிலும் நிற்காது. எல்லா இரகசியங்களுக்கும் ஒரே விதியைச் சொல்வது எங்களைப் போன்றோரின் சோம்பல் என்றுகூடச் சொல்லலாம். எழுதும் இடம் காருக்குள் இருக்கக் கூடாது என்பதே இங்குள்ள ஒரே கட்டுப்பாடு. காப்பீட்டுப் பத்திரத்தின் நகலோடும் இரண்டாவது சாவியோடும் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

எண் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் இணையத்தில் தேடத் தொடங்குகிறார்கள். அங்கேதான் நமக்கு உண்மையான அச்சம். ரேடியோ எண்ணைக் கணக்கிட்டுத் தருவதாகச் சொல்லும் தளங்களுள் நேர்மையானவையும் இருக்கலாம். ஆனால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடல் முடிவில் தோன்றும் தொலைபேசி எண் உண்மையில் யாருடையது என்பது தேடுபவருக்குத் தெரியாது. வங்கிகளின் பெயரில் போலிச் சேவை எண்களைப் பரப்பி ஏமாற்றுவோர் கார் நிறுவனங்களின் பெயரை மட்டும் விட்டுவைப்பார்களா? ஒரு சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று இணைப்பு அனுப்பி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி, ஓ.டி.பி. கேட்பது அவர்களின் வழக்கமான பாதை. ரேடியோ எண்ணைப் பெற ஓ.டி.பி.யோ யு.பி.ஐ. பின் எண்ணோ எவருக்கும் சொல்லத் தேவையே இல்லை. சேவை எண்ணைக் காரின் கையேட்டிலிருந்தோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் பறிபோய்விட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். மோட்டோரோலா ரேடியோ கடைக்கு வந்த ஆண்டும் அதே 1930 என்பதால், இந்த எண்ணையாவது இக்கட்டுரையின் வாசகர்கள் மறக்க மாட்டார்கள் என நம்புகிறோம்.

பிறருக்கு அறிவுரை சொல்லும்போது வங்கிகளின் பங்கையும் சொல்வதே முறை. கடன் முழுவதும் அடைந்த 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் பக்கம் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளருக்கு உரியதை அவர் கேட்டு அலையாமல் அவர் கையில் சேர்ப்பது நம் கடமை என்பதை அந்த ஆணை உறுதி செய்தது. அதே கண்ணோட்டத்தை நாம் கடன் தரும் பொருளின் விற்பனையாளரிடமும் எதிர்பார்ப்பதில் தவறில்லை. பழைய காருக்குக் கடன் வழங்குமுன் நாம் பார்வையிட்டு நிரப்பும் படிவத்தில் இன்ஜின் எண், சேசிஸ் எண், ஓடிய தூரம், டயர்களின் நிலை எல்லாம் உண்டு. 'ரேடியோ பாதுகாப்பு எண் அட்டை பெறப்பட்டதா' என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்கலாம். எண்ணை வங்கி எழுதிக்கொள்ள வேண்டாம்; அட்டை கைமாறியதா என்று குறித்தால் போதும். புதிய கார் விற்பனையகங்களும், சாவிகளைத் தட்டில் வைத்துப் புகைப்படம் எடுக்கும் அந்த நேரத்தில், உறையைப் பிரித்து அட்டையைக் காட்டிவிடலாம்.

இத்தகைய வரி ஒன்று படிவங்களில் இடம்பெறும்வரை, வாங்குபவர் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. விற்பவரிடம் அட்டை இல்லையென்றால், பதிவுச் சான்று அவர் பெயரில் இருக்கும்போதே அவரையே சர்வீஸ் சென்டரில் எண்ணைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லலாம்; அப்போது சான்றும் பெயரும் பொருந்தி இருக்கும். எண்ணை வாங்கிய பின் அது சரியானதுதானா என்று பார்க்கப் பேட்டரியைக் கழற்றத் தேவையில்லை. அட்டையிலுள்ள வரிசை எண்ணும் ரேடியோவின் வரிசை எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். முன்பே யாரேனும் ரேடியோவை மாற்றியிருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். உரிமையாளர் என்பதற்கான சான்றுகள் எல்லாம் இருந்தும் எண்ணைத் தர மறுக்கும் நிறுவனத்தைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். இவற்றையெல்லாம் செய்ய ஏற்ற காலம், முழுத் தொகையும் கைமாறுவதற்கு முந்தைய நாள்.